செவிலியின் கால்கள்

குறுந்தொகையின் 44ஆம் பாடலைப் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். வெள்ளிவீதியார் பாடியது. உடன்போக்கில் போய்விட்ட பெண்ணைத் தேடிப் பாலை வழியில் நடக்கும் செவிலித்தாயின் பேச்சு அது. நடந்து நடந்து அவள் கால் ஓய்ந்துவிட்டது. எதிரே வருகிறவர்களை எல்லாம் பார்த்துப் பார்த்துக் கண் ஒளி மங்கிவிட்டது. தேடுகிற ஒருத்தியைக் காணவில்லை; மற்றவர்களோ வானத்து மீன்களைவிட அதிகமாக இருக்கிறார்கள். நான்கே அடிகள். 'செவிலியின் தாய்ப்பாசம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவது என் வழக்கம். உரைகளும் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவின் இடது காலில் புண் வந்து, இருபத்திரண்டு நாட்கள் ஒரு மருத்துவமனையில் அவரோடு இருந்தேன். இருபது ஆண்டு நீரிழிவு. கால் மரத்துப்போனதே அவருக்குத் தெரியாது. அங்கே இருந்தபோதுதான் அந்தப் பாடலை நான் பாதிதான் படித்திருக்கிறேன் என்பது புரிந்தது. பாசம் என்ற ஒரு சொல்லைப் போட்டு ஒரு பெண்ணின் காலையும் கண்ணையும் மூடிவைத்திருந்தேன்.

அம்மாவைச் சேர்த்த அன்று மருத்துவர் வந்து காலைப் பார்த்தார், மருந்து எழுதினார், போனார். அவர் பார்த்தது சரிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு டிரஸ்ஸிங் செய்ய வந்த செவிலியர் புண்ணைப் பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்த அம்மாவின் செருப்பை எடுத்தார். கவிழ்த்துத் தட்டினார். உள்ளே விரல் விட்டுத் தடவினார். அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணியின் முனை மேலே வந்திருந்தது. "எத்தனை நாளா இந்தச் செருப்பைப் போடறீங்கம்மா?" என்று கேட்டார். "ஒரு வாரமாத்தான் பாப்பா, கோயிலுக்கு மட்டும்" என்றார் அம்மா. ஒரு வாரம் ஆணி மேல் நடந்திருக்கிறார். வலிக்கவே இல்லை.

காலைப் பார்ப்பது ஒன்று, அந்தக் கால் நடந்துவந்த வழியைப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டாவது பார்வைக்கு நம் மொழியில் என்ன பெயர் இருக்கிறது, அந்தப் பெயர் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

*

நர்ஸ் என்பதற்குத் தமிழில் தாதி என்ற சொல் இருந்தது. இலங்கைத் தமிழில் இன்றும் தாதியர்தான். தாதி என்றால் பணிப்பெண், ஏவல் செய்பவள். தமிழ்நாட்டின் எழுத்துவழக்கில் அந்த இடத்தைச் செவிலியர் பிடித்துக்கொண்டது. பேச்சில் நர்ஸம்மா, சிஸ்டர். ஏவல் பெண் என்ற இழிவை நீக்கி, சங்க இலக்கியத்தின் மதிப்புமிக்க தாய் ஒருத்தியின் பெயரைச் சூட்டியதில் நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ஒரு சொல்லை இலக்கியத்திலிருந்து எடுக்கும்போது எந்தப் பக்கத்தை எடுக்கிறோம், எந்தப் பக்கத்தை விட்டுவிடுகிறோம் என்று பார்க்க வேண்டும்.

மரபு ஐவகைத் தாயரைச் சொல்கிறது: பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய். பெற்றவள் நற்றாய். வளர்ப்பு வேலையை இத்தனை கூறாகப் பிரித்துப் பெயர் வைத்த சமூகம், அந்த வேலைகளை வேறு பெண்களிடம் கொடுத்து வாங்கிக்கொண்ட சமூகமும்தான். தொல்காப்பியம் தோழியைச் செவிலியின் மகள் என்று வரையறுக்கிறது. தாய் ஒரு வீட்டின் பெண்ணை வளர்க்கிறாள். அவளுடைய சொந்த மகள் அதே பெண்ணுக்குத் துணையாக நிற்கிறாள். இரண்டு தலைமுறை உழைப்பு ஒரு வீட்டின் காதல் கதைக்குள் கரைந்துபோகிறது. இதற்கு நாம் வைத்த பெயர் பாசம்.

நற்றிணை 110இல் போதனார் ஒரு காட்சியைத் தருகிறார். தேன் கலந்த பால் பொற்கிண்ணத்தில் இருக்கிறது. குடிக்க மறுத்து வீட்டு முற்றத்தில் ஓடுகிறாள் சிறுமி. கோலை ஓங்கிக்கொண்டு பின்னால் ஓடுகிறவர்கள் நரைத்த கூந்தல் கொண்ட முதிய செவிலியர்கள். ஓடி ஓடித் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். அந்தச் சிறுமிதான் இன்று கணவன் வீட்டு வறுமையில், தந்தையின் சோற்றை நினைக்காமல், ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்கிறாள். இதை நற்றாயின் கூற்றாகவும் கொள்ளலாம், செவிலியின் கூற்றாகவும் கொள்ளலாம். நாம் எப்போதும் சிறுமியின் கொலுசையும் அவள் பெற்ற அறிவையும் விதந்து பேசுகிறோம். மூச்சு வாங்கி நின்ற அந்த முதிய பெண்களின் முழங்காலைப் பற்றி ஒரு தேர்வுத்தாளிலும் கேள்வி வந்து நான் பார்த்ததில்லை.

குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது, எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. புதுமனைவி கட்டித்தயிரைக் கையால் பிசைகிறாள். அந்த விரலை உடுத்திய ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிக்கும் புகை கண்ணில் படிகிறது. தானே சமைத்ததைக் கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் மலர்ந்தும் மலராமல் நுட்பமாக மகிழ்கிறது. இல்லறத்தின் இனிமைக்கு எடுத்துக்காட்டு என்போம். இதைச் சொல்பவள் யார்? அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நற்றாயிடம் தெரிவிக்கும் செவிலி. விரல், துணியின் கறை, கண், புகை, உண்ட உணவு, முகத்தின் மாற்றம். எதையும் பொதுவாகச் சொல்லவில்லை அவள். "நன்றாக இருக்கிறாள்" என்ற தீர்ப்பு பாடலில் இல்லை. தீர்ப்புக்கு வேண்டிய சான்றுகள் மட்டுமே இருக்கின்றன. ஒரு நல்ல செவிலியர் குறிப்பு இப்படித்தான் இருக்கும்.

ஆக, சங்கப்பாடல்களின் செவிலிக்கு மூன்று தன்மைகள். நடக்கிறாள், பார்க்கிறாள், பார்த்ததைச் சொல்கிறாள். சொல்வதற்கு இலக்கணம் அவளுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. செவிலி கூற்று என்றே துறைகள் உண்டு. நாம் இந்தச் சொல்லை மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது தாயன்பை மட்டும் கொண்டுபோனோம். நடையையும் பார்வையையும் கூற்றையும் ஏட்டிலேயே விட்டுவிட்டோம்.

*

நீரிழிவின் பிற்காலச் சிக்கல்கள் இந்த மூன்றும் இல்லாமல் கையாளவே முடியாதவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது, பெரியவர்களில் 11.4 சதவீதம். இவர்களில் பலருக்கு ஆண்டுகள் ஏற ஏறக் கால் நரம்பு மரக்கிறது, விழித்திரை கெடுகிறது, சிறுநீரகம் தளர்கிறது. கால், கண் என்று வெள்ளிவீதியார் வைத்த அதே வரிசை.

மரத்த காலைக் கண்டுபிடிக்கும் கருவி மிக எளியது. மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழை. பாதத்தில் குறிப்பிட்ட இடங்களில் அது வளையும் வரை அழுத்தினால் 10 கிராம் அழுத்தம். கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ படுதா?" என்ற கேள்விக்கு நோயாளி பதில் சொல்ல வேண்டும். என் அம்மாவின் பாதத்தில் இழை வளைந்தது. அம்மா காத்துக்கொண்டே இருந்தார். "எப்போம்மா ஆரம்பிப்பே?" என்றார். செவிலியர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு அம்மாவிடம், "முடிஞ்சிடுச்சும்மா" என்றார். அதைச் சொன்ன குரலைப் பற்றி எழுத எனக்கு இரண்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

வலி இல்லாமல் போவதுதான் ஆபத்து என்ற அறிவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். இந்தியாவில் செவிலியர் பட்டப்படிப்பு தில்லியிலும் வேலூரிலும் தொடங்கியதும் அதே ஆண்டுதான். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, உணர்ச்சியற்ற கையும் காலும் அன்றாட வேலையில் காயம்பட்டு, அதை அறியாமல் மேலும் மேலும் காயம்பட்டுத்தான் சிதைகின்றன என்று அவர் நிறுவினார். அவருடைய மனைவி மார்கரெட் பிராண்ட் தொழுநோயாளிகளின் கண்களுக்காக உழைத்த மருத்துவர். 1960களில் இருவரும் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபின், உணர்விழந்த காலைக் காக்கும் அந்த முறைகள் நீரிழிவுக் கால்களுக்கும் போய்ச்சேர்ந்தன. தொழுநோயாளிகளுக்காக இங்கே பழக்கத்துக்கு வந்த எம்.சி.ஆர். ரப்பர் செருப்பைத்தான் என் அம்மா இன்று போட்டிருக்கிறார்.

இந்த வரலாற்றில் மருத்துவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியும். தினமும் அந்தக் கைகளையும் கால்களையும் கழுவி, கட்டு மாற்றி, புதுக் காயம் எங்கே என்று தேடிய பெண்களின் பெயர்கள் தெரியாது. அகத்திணையில் யாருக்குமே பெயர் இல்லை, தலைவனுக்கும் இல்லை. அது ஒருவகைச் சமன். மருத்துவ வரலாற்றில் அந்தச் சமன் கிடையாது.

*

டிஸ்சார்ஜ் சம்மரியை ஓர் இலக்கிய வகையாகப் படித்துப் பார்க்கலாம். என் அம்மாவுடையது நான்கு பக்கம். நோயாளியின் பெயர், மருத்துவர்கள் மூவரின் பெயர், சோதனை முடிவுகள், ஒரு விரல் அகற்றப்பட்ட தேதி. பிறகு செயப்பாட்டுவினைகளின் அணிவகுப்பு: புண் சுத்தம் செய்யப்பட்டது, கட்டு மாற்றப்பட்டது, சர்க்கரை கண்காணிக்கப்பட்டது, நோயாளிக்கு அறிவுரை வழங்கப்பட்டது. யாரால்? இருபத்திரண்டு நாட்களின் வினைகளில் பெரும்பகுதியைச் செய்தவர் அந்தப் பிரதியில் எழுவாயாகக்கூட இல்லை. செவிலியர்கள் எழுதாமல் இல்லை. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எழுதினார்கள். அந்தக் குறிப்புகள் கேஸ் ஷீட்டோடு மருத்துவமனையின் கட்டுக்குள் போய்விட்டன. வீட்டுக்கு வந்தது மருத்துவர்களின் கூற்று. செவிலி கூற்று வாசலோடு நின்றுவிட்டது.

இது வெறும் மரியாதைப் பிரச்சினை அன்று. ஆணி இருந்த செருப்பைப் பற்றி அந்த நான்கு பக்கத்திலும் ஒரு வார்த்தை இல்லை. 'காயம்: தெரியவில்லை' என்றிருந்தது. இறுதி வரி, 'புண் ஆறிய நிலையில் அனுப்பப்படுகிறார்'. ஆறிய காலின் கதை அதோடு முடிவதில்லை. 2017இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த மதிப்பாய்வு, நீரிழிவுக் கால்புண் ஆறியவர்களில் சுமார் நாற்பது சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் புண் திரும்புகிறது என்றும், அதனால் ஆறிவிட்டது என்பதைவிட அடங்கியிருக்கிறது என்று எண்ணுவதே தகும் என்றும் சொல்கிறது. எங்கள் செவிலியர் இந்த ஆய்வைப் படித்திருந்தாரா என்று நான் கேட்கவில்லை. கிளம்பும்போது அவர் அம்மாவிடம் சொன்னது: "கால் நல்லாயிடுச்சுன்னு நினைக்காதீங்கம்மா. தூங்குது. தினம் ராத்திரி பார்த்துட்டுத்தான் நீங்க தூங்கணும்." சம்மரியைவிடச் சரியான மருத்துவ வாக்கியம் இது.

கூடவே ஒரு துண்டறிக்கையும் தந்தார்கள். ஷூவுக்குள் கையை விட்டுச் சோதியுங்கள், பருத்திக் காலுறையைத் தினமும் மாற்றுங்கள், அலுவலகத்தில் நீண்ட நேரம் உட்காரும்போது காலைத் தொங்கவிடாதீர்கள். இந்த அறிக்கை பேசும் நோயாளி யார்? ஷூ போடுகிறவர், அலுவலகம் போகிறவர், பாதத்தைப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஒரு மனைவி இருப்பவர். பின்கட்டில் வெறுங்காலோடு பாத்திரம் தேய்ப்பவள் அதில் இல்லை. மெட்டி இறுகிய வீங்கிய விரல் இல்லை. சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல் இல்லை. இவற்றையெல்லாம் கேட்டவர் செவிலியர்தான். மெட்டியைக் கழற்றச் சொல்வது இன்னும் கடினம். கணவன் உயிரோடிருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்ல எந்தத் துண்டறிக்கைக்கும் தைரியம் கிடையாது. பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் அவர், "புருஷனுக்கு நீங்க நடந்து போய்ச் சோறு போடணும்ல, அதுக்குக் கால் வேணும்ல" என்றார். பெண்ணியவாதியாக எனக்கு அந்த வாதம் உறுத்தியது. ஆனால் மெட்டி கழன்றது, விரல் தப்பியது. அவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த மொழிக்குள் போய் அவளுடைய காலை மீட்டுக்கொண்டு வந்தார். என் வாதம் சரியாக இருந்திருக்கும், விரல் இருந்திருக்காது.

*

மருத்துவமனை மொழியில் ஒரு சொல் உண்டு: ஒத்துழைக்காத நோயாளி. ஊசி போடாமல் விடுபவர், நேரத்துக்குச் சாப்பிடாதவர். பெண்கள் வார்டில் உட்கார்ந்து கவனித்தால் இந்தச் சொல் கலைந்துவிடும். சில வகை இன்சுலினைப் போட்டு அரைமணி நேரத்தில் சாப்பிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணும் பெண், ஊசி போட்டுக்கொண்டு தோசை வார்க்க நிற்கிறாள். ஒரு மணி நேரம் ஆகிறது. சர்க்கரை இறங்கி, வேர்த்து, கை நடுங்குகிறது. இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாம் முறை அவள் ஊசியையே விட்டுவிடுகிறாள். அவள் ஒத்துழைத்தது வீட்டோடு. நோய்க்கு ஒத்துழைக்க நேரமில்லை. நற்றிணைப் பெண் ஒரு வேளை விட்டு உண்டதை அறிவும் ஒழுக்கமும் என்று நாம் போற்றிக்கொண்டிருக்கும் வரை இந்தப் பெண்ணுக்கு என்ன சொல்லித்தர முடியும்?

செவிலியர் சொல்லித்தந்தார். "ஊசி போட்டதும் முதல் தோசை உங்களுக்கு. அப்புறம்தான் மத்தவங்களுக்கு." மருத்துவ அறிவுரைதான். ஒரு குடும்பத்தின் பந்தி வரிசையையே மாற்றச் சொல்லும் அறிவுரை. அதோடு நிற்கவில்லை. சிவப்பு மூடி ஊசி 40 யூனிட் மருந்துக் குப்பிக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட்டுக்கு, மாற்றினால் அளவே மாறிவிடும் என்று கண் மங்கியவர்களுக்கு மூடியை வெளிச்சத்தில் காட்டிக் காட்டிச் சொன்னார். பேனா ஊசியின் சொடுக்கைக் காதால் எண்ணப் பழக்கினார். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு மண்பானைக்குள் சிறு பானை வைத்து மருந்தைக் குளிர்ச்சியாக வைக்கும் வழி. இத்தனைக்கும் அவருக்கு அந்த ஷிஃப்டில் முப்பதுக்கு மேல் கட்டில்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. காலைத் தொடுவது. நம் பண்பாட்டில் காலைத் தொடுவதென்றால் பணிவு, அடியில் விழுவது. பிறர் புண்ணைத் தொடுவதோ தீட்டு. இந்தத் தீட்டினால்தான் நெடுங்காலம் இந்த வேலை சாதியடுக்கின் கீழே இருந்தவர்களிடமும், கிறித்தவப் பெண்களிடமும், வேறு போக்கிடமற்ற கைம்பெண்களிடமும் விடப்பட்டது. செவிலியர் என் அம்மாவின் காலைத் தன் மடிக்கு அருகே வைத்துக்கொண்டு, மேல்பாதத்தில் இரண்டு விரலை ஊன்றி நாடி பார்த்தபோது அது பணிவும் அன்று, தீட்டும் அன்று, ஆராய்ச்சி. பணிவிடை என்ற நம் சொல்லுக்குள் பணிவு ஒட்டிக்கொண்டிருப்பதால் இதை நம்மால் எளிதில் பார்க்க முடிவதில்லை.

*

தாயன்புக்கு யாரும் சம்பளம் கேட்பதில்லை. சொல்லின் அரசியல் இங்கேதான் வேலை செய்கிறது. 2015 முதல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வான ஆயிரக்கணக்கான செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்க்கப்பட்டார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்தபோது, சேவை செய்ய வேண்டியவர்கள் இப்படிச் செய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. தனியார் மருத்துவமனைகளின் நிலை குறித்து 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி அமைந்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே கிடக்கும் மருத்துவமனைகள் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டு, கை தட்டிப் பாராட்டப்பட்ட செவிலியர்கள் பலருக்கு 2022 டிசம்பர் 31உடன் வேலை முடிந்தது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. என் அம்மாவுக்கும் வருகிறது. கொண்டுவருபவர் அதே தெருவின் பெண். அவருக்குப் பெயர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்; பெறுவது ஊக்கத்தொகை. தன்னார்வம், ஊக்கம் ஆகிய சொற்கள் ஊழியர், ஊதியம் என்பவற்றின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. செவிலி வீடு வீடாக நடக்கிறாள். அவள் மகளும் நடக்கிறாள்.

இந்த நடைக்கு உடல் கொடுக்கும் விலையும் உண்டு. அமெரிக்காவில் 1976 முதல் செவிலியர்களின் உடல்நலத்தைப் பின்தொடரும் நர்சஸ் ஹெல்த் ஸ்டடி ஆய்வின் தரவுகளைக் கொண்டு 2011இல் ஒரு கட்டுரை வந்தது. மாறி மாறி இரவுப்பணி செய்த ஆண்டுகள் கூடக் கூட அந்தப் பெண்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பும் கூடியது என்பது அதன் முடிவு. பிறர் காலைக் காத்தவர்களின் கால். பிறர் கண்ணுக்காக விழித்திருந்தவர்களின் கண்.

இந்த ஆண்டு 44ஆம் பாடலை நடத்தும்போது பாசம் என்று எழுதவில்லை. 'யாருடைய கால், யாருடைய கண்?' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். பின்வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, எங்கம்மா ஸ்டாஃப் நர்ஸ். நைட் டியூட்டி முடிச்சு வந்து காலைத் தண்ணியில வெச்சிட்டு உக்காந்திருப்பாங்க. நாங்க அந்த நேரம் பேசக் கூடாது" என்றாள்.

அந்த இடத்தில் நான் பாடத்தை நிறுத்தினேன். அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன்: வீட்டில், தெருவில், மருத்துவமனையில் இந்த வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் போய், அவர் பார்த்தவற்றை அவர் வாயால் கேட்டு எழுதிவர வேண்டும். 'அன்பு', 'தியாகம்', 'சேவை' மூன்று சொல்லும் கூடாது. முப்பத்தொரு தாள்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் தலைப்பு ஒன்றுதான்: செவிலி கூற்று.